சுந்தரராமன் சார் தொடாத மீன்

ஒரு நிமிடம் அசையாமல் நிற்கத் தெரியாத மனிதருக்கு அளவெடுத்துப் பாருங்கள், தையல்காரன் படும் பாடு அப்போது தெரியும். மயிலாப்பூரில் இருக்கும் என் கடைக்கு சுந்தரராமன் சார் முதன்முதலில் பேன்ட் துணியோடு வந்த அன்று, டேப்பை இடுப்பில் வைத்தால் கால் நகர்ந்தது, காலில் வைத்தால் இடுப்பு திரும்பியது. கடைசியில் வலது கால் அரை அங்குலம் நீளமாகப் போய்விட்டது. திட்டப் போகிறார் என்று பயந்தேன். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தார், பிரமாதம் என்றார். கவனித்தால்தானே.

அபிராமபுரத்தில் வீடு, ஒரு வங்கியில் வேலை, அப்போது ஐம்பது வயது. காலையில் எழுந்தால் காபி டம்ளரும் கையுமாக மாடிக்கும் வாசலுக்கும் நடப்பாராம். டிசம்பர் கச்சேரிக்குப் போனால் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுவாராம். கேன்டீனுக்குக்கூட இல்லை, சும்மா ஸ்கூட்டர் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்ற. அவர் மனைவி சூடாமணி அம்மா ரவிக்கை தைக்க வரும்போதெல்லாம் இதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்புவார். டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரை சாப்பிட்டாயிற்று, பரிகாரமும் பண்ணியாயிற்று. ஏன் இப்படி இருப்புக் கொள்ளவில்லை என்று அவருக்கே தெரியாது.

எனக்கு வீடு ஆதம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் மதகுமேல் போய் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் மேடை அது. நாலு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்த சட்டையை வாங்கிப்போக சார் என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். சும்மா பிடித்துக்கொண்டிருங்கள் என்று மூங்கில் கழியை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மனிதர் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரில் மிதக்கும் செருப்புத்துண்டுத் தக்கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. கால் ஆடவில்லை, கை தாளம் போடவில்லை. நான் நீட்டிய டீ ஆடை கட்டிப்போயிற்று.

அதிலிருந்து ஆறு வருடம், மழை பெய்தாலொழிய ஞாயிறு தவறியதில்லை. முதலில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர், அப்புறம் எங்கள் ஏரி. வீட்டில் கோயிலுக்கு என்று சொல்வார். பொய்யில்லை, பாதி உண்மை. கோயிலுக்குப் போய்வந்தால் அவர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சூடாமணி அம்மா என்னிடமே சொல்லி சந்தோஷப்பட்டார். நானும் தலையை ஆட்டிவைத்தேன், வேறென்ன செய்ய?

ஆனால் மீனைத் தொடமாட்டார். புழுவையும் தொடமாட்டார் என்பதால் வீட்டிலிருந்து மைதா மாவை உருட்டிக்கொண்டு வருவார். மாவுக்கு ஜிலேபிக் கெண்டை நன்றாகவே வரும். தக்கை முங்கியதும் சுண்டி இழுப்பார், கழியை அப்படியே என் பக்கம் திருப்புவார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். நான் மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றி என் பையில் போடுவேன். மீன் எனக்கு, உட்காரும் சுகம் அவருக்கு. என் வீட்டுக்காரி ஜைதூன் பீ குழம்பு வைக்கும்போது, ஐயர் வீட்டு மீன் வந்திருக்கு என்று கேலி செய்வாள்.

இப்படியே போயிருக்கும். தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிறு, சாரோடு வேலை பார்க்கும் குருபிரசாத் என்பவர் அந்தப் பக்கம் மனை பார்க்க வந்தார். விபூதிப் பட்டையும் தூண்டிலுமாக சாரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்று, அசட்டுச் சிரிப்போடு சொன்னார்:

"கொல்றதெல்லாம் நான் இல்லப்பா. வெளியில எடுக்கறதோட சரி. மிச்சத்தை பாய் பார்த்துப்பார்."

ஆறு வருடமாக அவருக்கு நான் பீர். பீர் முஹம்மது என்ற முழுப் பெயர்கூட இல்லை, வாய் நிறைய பீர். அன்றைக்கு பாய் ஆகிவிட்டேன்.

குருபிரசாத் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். அவர் தலை மறைந்ததும் கொட்டிவிட்டேன்.

"அப்போ நான் யாரு சார்? உங்க பாவத்த சொமக்க வச்ச ஆளா? எங்க மார்க்கத்துல மீனுக்குக் கத்தியே தேவையில்ல, தெரிஞ்சிக்கோங்க. தண்ணிய வுட்டு எவன் தூக்கறானோ அவன் கையாலதான் அது உசுரு பூட்ச்சு. நான் கழட்டறது வெறும் முள்ளுதான்."

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. எனக்கு மீன் ஒரு பொருட்டே இல்லை. அந்த மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தனை காலையையும் நான் சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் சிநேகிதனா, இல்லை மீனைக் கழற்றும் குறடா? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வியாதி என்னைத் தொற்றிக்கொண்டதுபோல் கடைக்கும் தெருவுக்கும் நடந்தேன். வாடிக்கைக்காரர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன்.

ஐந்து ஞாயிறு பார்த்தாள் ஜைதூன் பீ. ஆறாவது ஞாயிறு காலையில் டீயை டொக்கென்று வைத்தாள்.

"ஒரு வார்த்தைய வச்சிக்கினு பட்டனுக்கு காஜா எடுக்கற மாதிரி நோண்டிக்கினே கீறியே. போய் அவரையே கேளேன்."

போனேன். கரையேறியதும் தெரிந்தது, சார் மதகுமேல் தனியாக உட்கார்ந்திருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. வேலிகாத்தான் புதர் ஓரமாக நின்றுவிட்டேன்.

தக்கை முங்கியது. நல்ல மீன், ஒரு சாண் இருக்கும். இழுத்தார், பழக்க தோஷத்தில் கழியை நான் உட்காரும் பக்கம் திருப்பினார். அங்கே யார் இருக்கிறார்கள்? மீன் அந்தரத்தில் துடித்தது. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவன், குடு சாமி நான் கழட்டறேன் என்று கையை நீட்டினான். சார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கழியைக் கீழே வைத்தார். தூண்டில் நரம்பை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மீனைப் பிடித்துவிட்டார்.

பிடிக்கத் தெரிய வேண்டுமே. ஜிலேபியைத் தலைப்பக்கமிருந்து தடவி முதுகு முள்ளை மடக்கிக்கொண்டு பிடிக்க வேண்டும். அவர் வால் பக்கமிருந்து பிடித்தார். முதுகு முள் விரிந்து உள்ளங்கையில் ஏறியது. மீன் துள்ளிய துள்ளலில் தூண்டில் முள் அதன் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்து இவர் கட்டைவிரலில் இறங்கியது. அப்படியும் விடவில்லை, மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரத்தம் வேட்டியெல்லாம் சொட்டியது.

ஓடினேன். மீனைப் பிடுங்கிக் கீழே போட்டேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நூல் கத்தரியால் நரம்பை வெட்டினேன். விரலில் இறங்கிய முள்ளைப் பின்னால் இழுத்தால் சதை கிழியும், முன்னால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். தள்ளினேன். அவர் ஒரு முனகல் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் எங்கள் இருவருக்கும் நடுவில் சிமென்ட்டில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைத் தண்ணீரில் விடலாம் என்று எடுத்தேன்.

"விட்டாலும் பிழைக்காது பீர்," என்றார். "நான்தான் கொன்னேன். இதை மட்டும் இல்லை, ஆறு வருஷமா அத்தனையும் நான்தான் கொன்னேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தேள், அவ்வளவுதான்."

மீனை என் கையிலிருந்து வாங்கி, அவரே என் பையில் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். கேட்கப் போன கேள்விக்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது, நான் குறடு இல்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் போய் அவருக்கும் சேர்த்து இடம் துடைத்து வைத்தேன். புது முள், புது நரம்பு எல்லாம் கட்டி வைத்தேன். பத்து மணிக்கு வந்தார். விரலில் கட்டு, கையில் மாவு இல்லை.

"முடியாது பீர். இனிமே தெரிஞ்சே பண்றதா ஆயிடும்," என்றார்.

சரி, தூண்டில் வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். என் தக்கையை ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். எழுந்துவிட்டார். கரையின் கோடி வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். பின்னாலேயே போய், அன்றைக்குக் கோபத்தில் ஏதோ உளறிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"இல்லை, நீங்க சொன்னதுதான் சரி," என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி நடந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறும்வரை நடந்துகொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு உலகத்தில் உட்கார இருந்தது ஒரே ஒரு இடம். என் வாயை நான் அடக்கியிருக்கலாம்.