மச்சானின் பெருவிரல்

காலை ஆறே முக்கால். பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, துவக்குக் குழலின் நடுவில் பதிந்திருந்த மச்சானின் வெறுங்கை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குடியில் என் மாமா விட்டுப்போன துப்பாக்கி பழுதுபார்க்கும் துவக்குப் பட்டறையை அவருடைய மகனான மச்சானும் மருமகனான நானும் நடத்தினோம். ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றழைத்த வயல்காரர் ஒருவர், பன்றிக் காவலுக்கு அனுமதியுடன் வைத்திருந்த இரண்டு துவக்குகளில் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். உப்புக்காற்றில் குழல் துருவேறிக் கறள் பிடித்திருந்தது.

"தம்பி செய்யட்டும். வாப்பாட கை அவனுக்குத்தான் வந்திரிக்கி" என்று மச்சானைக் காட்டி, என்னைப் பார்த்தே சொன்னார்.

இது திருப்தியாக அமைந்தால் மற்றதும் அதே கைக்குத்தான் போகும். நான் தலையாட்டினேன். துவக்கை நானே எடுத்து மச்சானின் மேசையில் வைத்தேன்.

குழலுக்குக் கறுநீலம் ஏற்றுவதும் கறளைக் கொண்டுதான். எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, இரும்பாணி கரைத்த அசிட்டை மெல்லியதாகப் பூச வேண்டும். கறள் பூத்ததும் மழைத்தண்ணீரில் கொதிக்க வைத்தால் சிவப்பு கறுப்பாகும்; எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, உதவாது. பிறகு இரும்புப் பஞ்சால் தேய்த்து, மறுபடியும் பூச்சு. அசிட் கலப்பது மட்டும் என் வேலையாக இருந்தது. திறந்த முற்றத்தில், றப்பர் கையுறையோடு, தண்ணீரை முதலில் ஊற்றி அதற்குள் அசிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவேன்.

"கையுறையப் போடு மச்சான். தோலும் போகும். கைப்பச பட்டா நெறமும் புடிக்காது" என்றேன், அன்று காலை.

"ஒங்கட கை மாப்புளக் கை, மருதோண்டி கழண்டிரும். என்ட கைக்கி என்ன?"

ஒவ்வொரு பூச்சுக்கு முன்னும் அவன் அதே இடத்தில் பிடித்துத் திருப்பினான். கடைசிக் கொதிக்குப் பிறகு அங்கே பெருவிரல் அளவில் ஒரு வெளிறிய தடம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே சீரான கறுநீலம். அப்படியொரு நிறம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் அந்தத் தடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு ஹாஜியாருக்காகக் காத்திருந்தேன்.

அவர் குழலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதென்ன?"

"என்ட கை பட்டிட்டு, ஹாஜியார். தேச்செடுத்துத் திருப்பிச் செஞ்சி தாறன்" என்றான் மச்சான்.

ஹாஜியார் தன் பெருவிரலைத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "வேணாம். களவு போனா அடையாளம் சொல்லலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன், மருமகன், மூஞ்சத் தூக்கி வெச்சிரிக்கீங்க?"

அடுத்த கிழமை இரண்டாவது துவக்கு வந்தது. ஆணியில் தொங்கிய என் கையுறையைப் போட்டுக்கொண்டு மச்சான் அந்த வேலையைச் செய்தான்.