உருட்டியல் துறை

நாங்க மூணு பேரும் கேஎல்ல ஒரே பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்தோம். நான், ரவாங்ல தமிழ்ப்பள்ளி ஆசிரியையா இருந்த அக்கா ஒருத்தங்க, செமினி ஊர்க்காரன் ஒருத்தன். வாட்ஸப் குழுவுக்கு 'உருட்டியல் துறை'ன்னு பேர் வச்சது நான்தான்; வாய்க்கு வந்தபடி கதை விடறதுதானே உருட்டு. அங்க ஒரே சட்டம். எதையும் நேராச் சொல்லக் கூடாது; ஆய்வேட்டுத் தமிழையும் இன்டர்நெட் பேச்சையும் கலந்துதான் சொல்லணும்.

மேற்பார்வையாளர் மெசேஜைப் பாத்துட்டுப் பதில் போடலன்னா, 'ப்ளூ டிக் கோட்பாடு: ஒரு பூமரியல் பார்வை'ன்னு போடுவேன். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அக்கா, 'கிரிஞ்ச்: தோற்றமும் வளர்ச்சியும்'னு எழுதுவாங்க. அவன் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்பிட்ட வாழையிலையப் படம் பிடிச்சு, 'களஆய்வு வேற லெவல், தரவுகள் செரிமானத்தில்'ம்பான். வயிறு வலிக்கச் சிரிப்போம். பொய் சொல்லல, அது நல்ல காலம்தான்.

என் ஆய்வு, கிள்ளான் கடைப் பலகைகள்ல இருக்கற தமிழ். அஞ்சாவது வருஷம் மேற்பார்வையாளர் மாறினார். புதுசா வந்தவர் எல்லா இயலையும் திருப்பிக் கொடுத்து, "இதுல ஆய்வே இல்லையேம்மா"ன்னார். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், ஊருக்கே தெரியும். அன்னிக்கு வரல. அழுகையும் வரல. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்த கால் மாதிரி உள்ள எல்லாம் மரத்துக் கெடந்துச்சு. "சரி சார்"னுட்டு வெளிய வந்துட்டேன்.

கேஎல் சென்ட்ரல்ல கிள்ளான் ரயில் ஏறினப்போ, படிப்ப விட்டுடலாம்னு தோணிடுச்சு. யாராச்சும் ஒருத்தர் "ஏய், விடாத லா"ன்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். அதுக்காகத்தான் குழுவுல சொன்னேன். ஆனா நேராச் சொல்ல வரல, கை அப்படிப் பழகியிருந்துச்சு.

'ஆய்வாளர் லாக் அவுட். கருதுகோள் காலி. முடிவுரை: அஞ்சு வருஷமும் உருட்டு.'

அக்கா கண்ணுல தண்ணி வரச் சிரிக்கற மூஞ்சிய வரிசையாப் போட்டாங்க. அவன் "பங்கம் லா"ன்னான். அடப்பாவிகளா, ஒருத்தராச்சும் என்னாச்சுன்னு கேக்கலாமில்ல? சுபாங் தாண்டற வரைக்கும் ஃபோனையே பாத்துட்டு வந்தேன். அப்புறம் அவன்கிட்டேருந்து இன்னொண்ணு வந்துச்சு. "நாளைக்கு என் பிரசன்டேஷன்ல கடைசி ஸ்லைடா இதப் போட்டுக்கட்டுமா? செமையா இருக்கும்."

'தாராளமா. மேற்கோள் குறிப்பு வேணாம்'னு எழுதினேன். அதுக்கும் சிரிச்சாங்க.

மறுநாள் காலையில பல்கலைக்கழக ஆபீஸுக்குப் போய்ப் படிப்ப நிறுத்திட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு காரணம்கூடக் கேக்கல. நான் வெளிய வந்து நின்னப்போ அவன் மெசேஜ் போட்டான், கடைசி ஸ்லைடப் பாத்து ஹாலே சிரிச்சுச்சாம். நான் ஒரு கட்டைவிரலப் போட்டேன்.