நெவாடாக் கல்லில் ஒரு துருக்கீறல்

போன சனிக்கிழமை, டோர்செட் பார்க் நூலகத்தின் பின்னறையில், ஆறு பேர் ஒரு கல்லின் போட்டோவைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கல்தான். அதில் செந்நிறமாக ஒரு துருக்கீறல்.

இதற்காகவா என் சனிக்கிழமைத் தூக்கம் போயிற்று?

என்னை மொழிபெயர்ப்புக்கு இழுத்துப் போனவர் குணரத்தினம். வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்ரில் நாலாம் மாடி. ஊரில் நில அளவைக் கந்தோரில் படவரைஞர். இங்கே கனடாவில், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். அகதிக் கேஸ் வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

மார்கரெட் அவருடைய ஆங்கில வகுப்பு ரீச்சர். அந்த அம்மாவுக்கும் நண்பர்களுக்கும் ஒரு பைத்தியம் – நூற்றைம்பது வருடங்களுக்கு முன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள், நெவாடாப் பாலைவனத்தை எந்த வழியால் கடந்தார்கள் என்று தேடுவது. சம்பளம் கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பழைய டயறிகளை வாசிப்பார்கள். கோடையில் போய், நாற்பது பாகை வெயிலில் நடந்து பார்ப்பார்கள். வண்டிச் சில்லைச் சுற்றிய இரும்புப் பட்டம் உரசிய துரு கல்லில் இன்னும் இருக்குமாம். சிலர் அச்சுக்குப் பூசும் கிறீஸால் பாறையில் தங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம். அந்தப் பெயர்களை மார்கரெட் சொந்தக்காரரைப் போலச் சொல்லுவார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கட்டடத்தில் யாரிடமாவது, எந்த வழியால் கனடா வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்... தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள்.

மார்கரெட் அந்த டயறிகளையே வகுப்பில் பாடமாகக் கொடுத்தார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். குணரத்தினம் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப வரைந்தார். அதில் மூன்று மைல் துண்டு ஒன்று யாருக்கும் பிடிபடவில்லை. குழு இரண்டு கோடையாக அங்கே நேர்கோட்டில் தேடி, வெறும் பியர் ரின்களைத்தான் கண்டெடுத்திருந்தது. இவர் வடக்கே வளைத்து ஒரு கோடு போட்டார். ஏன் என்று கேட்டார்கள். அன்றும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"நேர போனா மணல்மேடு. படம் கீறுறவைதான் நேர போவினம். பிள்ளைகுட்டியோட போற சனம் சுத்தித்தான் போகும்."

எங்கே படித்தது என்று மார்கரெட் கேட்டார். நடந்து படித்ததாம்.

இந்தக் கோடையில் குழு போனது. குணரத்தினம் போகவில்லை. கேஸ் முடியாமல் பஃபலோ பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் திரும்பி வருவது யார்? விசா என்றால் என்னவென்றே தெரியாமல் போனவர்களின் பாதையைப் பார்க்க, இவருக்கு விசா தேவைப்பட்டது. வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கியபடி மூன்று வாரம் காத்திருந்தார்.

அவர் போட்ட கோட்டில்தான் அந்தக் கல் கிடைத்திருக்கிறது.

மார்கரெட் எழுந்து, வரைபடம் அச்சுக்குப் போகிறது, கீழே முதல் பெயர் குணரத்தினத்துடையது என்றார். கைதட்டல். மனிதர் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, என்ர பேரை எடுக்கச் சொல்லுங்கோ. வாற மாதம் கேஸ் ஹியரிங். உந்தப் படத்தை ஆரும் கண்டா, இவன் அமெரிக்காவுக்குப் போய்வந்தவன் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு பிள்ளையள் வந்தமாதிரித்தான்."

பத்துப் பென்சன்காரர் பார்க்கிற வரைபடத்தை எந்த அதிகாரி பார்க்கப்போகிறார் என்றேன். நிச்சயமோ என்று கேட்டார். மார்கரெட்டின் பக்கம் திரும்பினேன். மொழிபெயர்த்தேன். மார்கரெட்டுக்கு விளங்க மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பெயரை மெதுவாக வெட்டினார். பாலைவனத்தைக் கடந்தவர்கள் பாறையில் பெயர் எழுதினார்கள். அவர்களுடைய வழியைக் கண்டுபிடித்தவருக்குக் காகிதத்தில்கூட வேண்டாமாம்.

போட்டோவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பார்த்தபடியே வந்தார். நானோ, இந்த நாட்டில் இப்படியெல்லாம் பயப்படக்கூடாது என்று வீடு வரை அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்... குணரத்தினம் என்பது அவருடைய பெயர் அல்ல, இதை எழுத நான் வைத்தது.