வாசித்துக் காட்டாத எட்டுப் பக்கங்கள்

மலையாளம் பேசும் கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் விடுதியில் நான்கு வருடம் தங்கியிருந்தேன். சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஐடி வளாகத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. செஸ் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல் வந்த பழக்கம். இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன், சில போட்டிகள் ஆடினேன், ஒரு ரேட்டிங்கும் கிடைத்தது. அந்த எண் ஆயிரத்து முந்நூறுக்கு அருகில் வந்து அங்கேயே நின்றுவிட்டது. புதிதாகக் கற்றவர்களை ஜெயிப்பேன், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களிடம் தோற்பேன்.

இந்த நிலையில் இருப்பவர்கள் செய்வதை நானும் செய்தேன். புத்தகங்கள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அத்தியாயங்களில் கோடுகளும் குறிப்புகளுமாக இருக்கும், மூன்றாவது அத்தியாயம் கடையில் இருந்த மாதிரியே இருக்கும். பயிற்சிக் கணக்குகளில் ஒரு நிமிடம் யோசிப்பேன், பிறகு கடைசிப் பக்கம் புரட்டி விடையைப் பார்ப்பேன். 'இதைத்தான் நானும் நினைத்தேன்' என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பலகையை விரித்து, புத்தகத்தில் இருந்த ஒரு நிலையை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களில் ஒருத்தி மேஜை துடைத்துக்கொண்டே வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது சிறியவள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவள், "அக்கா, யானையை அங்க வச்சா குதிரை வந்து ராஜாவையும் யானையையும் சேத்து அடிக்கும்லா," என்றாள்.

புத்தகத்தின் விடையும் அதுதான்.

அவள் படித்த அரசுப் பள்ளியில் செஸ் இருந்ததாம். ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட அளவு வரை ஆடியிருக்கிறாள். பத்தாவதோடு படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது. கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டுமான வேலை கிடைத்ததால் இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். பதினைந்து வருடமாகக் காய்களைத் தொடவில்லை என்றாள். அன்று ஒரு ஆட்டம் ஆடினோம். முப்பது நகர்த்தலுக்குள் நான் ஜெயித்தேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன். அதற்கடுத்த வாரம் அவள் ஜெயித்தாள்.

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவி முடிந்தபின், சாயங்கால டீக்குப் பால் வைக்கும் வரை அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓய்வு. சனியும் ஞாயிறும் அந்த நேரத்தில் சேர்ந்து படிக்க ஆரம்பித்தோம். என்னிடம் இருந்தவற்றில் கனமான புத்தகம், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. இரண்டு பக்கமும் ராஜாவும் யானையும் ஒன்றிரண்டு சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்லித் தரும். முழுக்க ஆங்கிலம். அவளுக்கு ஆங்கில எழுத்துகளும் எண்களும் தெரியும், வாக்கியம் புரியாது. அதனால் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவள் காய்களை நகர்த்துவாள்.

முதலில் எங்களுக்குள் சொற்களையே சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஆடாவிட்டாலும் மலையாளக் குழந்தைகள் ஆடும்போது காய்களின் பெயர்களைக் கேட்டவள். அவர்களுக்கு மூலையில் நிற்கும் காய் தேர், குறுக்கே போகும் காய் ஆனை. அவளுக்கோ மூலையில் நிற்பதுதான் யானை. நான் பழக்கத்தில் "ஆனை" என்று சொல்ல, அவள் வேறு காயை நகர்த்த, அரை மணி நேரம் அதிலேயே போகும். கடைசியில் அவள் சொல்வதே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அவள் படித்த விதம் வேறு. ஒரு கணக்கைப் போட்டால் விடை கிடைக்கும் வரை விட மாட்டாள். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனால், "பாக்காதீங்கக்கா, கொஞ்சம் பொறுங்க," என்று புத்தகத்தின் மேல் கை வைப்பாள். மஞ்சள் படிந்த விரல்கள். வார நாட்களில் தேங்காய் துருவும்போதும் அதையே யோசித்திருப்பாள். சனிக்கிழமை வந்ததும், "அந்த இடத்துல ராஜாவை முன்னால கொண்டுபோகணும்லா," என்று ஆரம்பிப்பாள். சரியாக இருக்கும்.

மூன்று மாதத்தில், மூன்று ஆட்டம் ஆடினால் இரண்டை அவள் ஜெயிக்கும் நிலை வந்தது. அது எனக்கு எப்படி இருந்தது என்பதை இப்போது மறைக்காமல் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை. வெளியே எல்லாரிடமும் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அலுவலகத்தில், "எங்க ஹாஸ்டல் கிச்சன்ல ஒருத்தங்க இருக்காங்க" என்று கதையாகச் சொன்னேன். ஆனால் அவளிடம் தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு உடனே அறைக்குப் போய்விடுவேன். என் புத்தகத்தை வைத்து, என் வாயால் கேட்டு, என்னையே ஜெயிக்கிறாள் என்று ஒரு எண்ணம் வரும். வந்ததும் வெட்கமாக இருக்கும். அடுத்த வாரம் திரும்பவும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தில் பெண்களுக்கான ஒரு மாவட்டப் போட்டி வந்தது. இரண்டு நாள், ஐந்து சுற்று. முதல் நான்கு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நானே அவளுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டேன். அவளுக்கு விடுப்பு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "ரெண்டு திவசம் லீவா? பற்றில்ல," என்று வார்டன் மலையாளத்தில் மறுத்துவிட்டார். அவள் விடவில்லை. ஒரு மாதம் மற்ற இரண்டு பெண்களின் காலை வேலையையும் சேர்த்துச் செய்து அவர்களைச் சம்மதிக்க வைத்து, அந்த இரண்டு நாளை வாங்கினாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. புத்தகத்தில் அடுத்து வர வேண்டியது எட்டுப் பக்க அத்தியாயம். அலுவலகப் பேருந்து நெரிசலில் நின்றபோது அதை முன்னதாகவே படித்துவிட்டேன். நம் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் நம் ராஜாவே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். வெளியே வந்தால் எதிரியின் யானை செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. நம் யானையை முதலில் நான்காம் வரிசைக்குக் கொண்டு வந்து நிறுத்திவிட வேண்டும். பிறகு ராஜா வெளியே வந்து செக் வாங்கிக்கொண்டே கீழே இறங்கினால், கடைசிச் செக்கை அந்த யானை குறுக்கே விழுந்து தடுக்கும். இதற்குப் பாலம் கட்டுவது என்று பெயர். தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் பலகையில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம்.

அந்தச் சனிக்கிழமை அவள் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், நான் அந்த எட்டுப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டினேன். "இது முன்னாடி பாத்ததுதான் திரும்ப வருது. அடுத்ததுக்குப் போயிடலாம்," என்றேன்.

"சரிக்கா," என்றாள்.

முன்பே திட்டமிட்டேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கை புரட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது என்று சொல்லலாம். ஆனால் அன்று கிளம்பும்போது அவள், "புத்தகத்தை ஒரு வாரம் குடுங்கக்கா, படத்தையாவது பாத்துக்கிட்டு இருப்பேன்," என்று கேட்டாள். பேருந்தில் படிக்க எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அதை யோசித்துத்தான் சொன்னேன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. முதல் நாள் முடிவில் இருவருமே நன்றாக இருந்தோம். மறுநாள் நான்காவது சுற்றும் முடிந்தபோது எனக்கு மூன்றரை, அவளுக்கு மூன்று. கடைசிச் சுற்றுக்கான பட்டியலை ஒட்டினார்கள். நானும் அவளும் எதிரெதிரே. முதல் நான்கு பேருக்குள் வர எனக்கு டிரா போதும். அவள் ஜெயித்தே ஆக வேண்டும்.

"நம்ம ஹால்ல ஆடுத மாதிரிதான்," என்று சிரித்தாள். ஊரிலிருந்து வந்த நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

மூன்று மணி நேரம் ஆடினோம். அவள்தான் நன்றாக ஆடினாள். இருபதாவது நகர்த்தலில் என் சிப்பாய் ஒன்றை எடுத்தாள், அதை விடாமல் பிடித்துக்கொண்டே காய்களை வெட்டிக் குறைத்தாள். கடைசியில் இரண்டு ராஜா, இரண்டு யானை, அவளுடைய ஒரு சிப்பாய் மட்டும் மிஞ்சியது. சிப்பாய் ஏழாம் வரிசைக்கு வந்தது. அவளுடைய ராஜா அதற்கு முன்னால் கடைசிக் கட்டத்தில் நின்றார்.

புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே பலகையில் இருந்தது.

அவள் நெடுநேரம் யோசித்தாள். கடிகாரத்தில் நேரம் இருந்தது. நான் அவளுடைய யானையைப் பார்க்கக் கூடாது என்று அரங்கின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான்காம் வரிசைக்கு வந்தால் என் ஆட்டம் முடிந்தது. அவள் அதை முதல் வரிசையிலேயே விட்டுவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவந்தாள். நான் செக் கொடுத்தேன். ராஜா நகர்ந்தார், மறுபடி செக். சுற்றிச் சுற்றி வந்து பழைய இடத்துக்கே திரும்பினார். இன்னொரு முறை முயன்றாள். அதே இடம். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. மூன்றாம் முறை வந்ததும் நான் கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். டிரா.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "அக்கா, அதுல ஜெயிக்க ஏதாவது வழி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. யானை மட்டும் மிஞ்சினா, ஒரு சிப்பாய் கூடுதலா இருந்தாலும் பெரும்பாலும் டிராதான்."

"அப்பம் சரி. நான்தான் எதையோ விட்டுட்டேன்னு நெனச்சேன்," என்றாள். அவள் முகம் நிஜமாகவே தெளிந்தது.

நான்காவது ஆளாக நான் தேர்வானேன். மாநிலப் போட்டி எர்ணாகுளத்தில். கிளம்பும் காலை ஐந்தரை மணிக்கு அறைக் கதவைத் தட்டி எலுமிச்சை சாதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். "வெளிச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டுச்சுன்னா ஆட முடியாது," என்றாள். ரயிலில் அதைப் பிரிக்கவே மனம் வரவில்லை. கொல்லம் தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். போட்டியில் ஏழு ஆட்டத்தில் ஐந்தில் தோற்றேன்.

திரும்பி வந்த சனிக்கிழமை, அவள் வருவதற்கு முன்பே அந்த நிலையைப் பலகையில் அடுக்கி வைத்தேன். உட்கார்ந்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "நம்ம ஆட்டம்லா?" என்றாள். நான் அவளுடைய யானையை நான்காம் வரிசையில் வைத்தேன். பிறகு ராஜாவை இறக்கினேன், கடைசிச் செக்கை யானையால் தடுத்தேன். சிப்பாய் ராணியானது.

அவள் காய்களை எடுத்துப் பழையபடி வைத்தாள். தானே ஒருமுறை ஆடிப் பார்த்தாள்.

"எப்பம் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"போட்டிக்கு முன்னாடியே. அன்னைக்குத் தாண்டிப் போன அந்த எட்டுப் பக்கம் இதுதான். தெரிஞ்சேதான் தாண்டினேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடும்போது உள்ள வச்சு நீங்க சொல்ல வேண்டாம்க்கா. அது ஆட்டம், நானே கண்டுபிடிச்சிருக்கணும். வெளிய வந்து கேட்டேன்லா. அப்பமாவது சொல்லியிருக்கலாம்."

மன்னித்துவிடு என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் சாக்காகவே வந்தது. பால் வைக்கும் நேரத்துக்கு அரை மணி இருந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிறகு சனி ஞாயிறுகளில் அவள் வரவில்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று எல்லாரிடமும் கேட்பது போல என்னிடமும் கேட்டாள். புத்தகத்தைக் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு, வாசிக்கத் தெரியாதுல்லா," என்று திருப்பிக் கொடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதனால் எழுத ஆரம்பித்தேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அந்த எட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கித் தமிழில் எழுதினேன். படங்களை அளவுகோல் வைத்து வரைந்தேன். நிதானமாக எழுதும்போதுதான் நான் புரிந்ததாக நினைத்த பாதி இடங்கள் எனக்கே புரியவில்லை என்று தெரிந்தது. ஒன்றரை மாதத்தில் மூன்று அத்தியாயம் முடிந்தது. நோட்டைச் சமையலறை வாசலில் நின்று நீட்டினேன். வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, நான் டீ வாங்கப் போனபோது நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒரு வரியின் கீழ் விரல் இருந்தது.

"சிப்பாய் ஓரக் கட்டத்துல இருந்தாலும் இதே வழியில ஜெயிக்கும்னு எழுதியிருக்கு. நாலு நாளா பாக்கேன். ஜெயிக்கல."

வாங்கிப் பார்த்தேன். 'ஜெயிக்காது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஜெயிக்கும்' என்று எழுதியிருந்தேன்.

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. உப்புப் போட்டாச்சா என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பது போலக் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதனால் கேட்டாள்.

"இல்ல. கை தவறி எழுதிட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டுப் பென்சிலால் அந்தச் சொல்லை அடித்து, மேலே சரியானதை எழுதினாள்.

இப்போது நான் விடுதியில் இல்லை. நகரத்துக்குள் பேட்டையில் ஒரு வீட்டுக்கு மாறிவிட்டேன். புத்தகத்தில் முக்கால் பங்கு தமிழில் எழுதியாகிவிட்டது. மாதம் ஒருமுறை கழக்கூட்டம் போய் அடுத்த நோட்டைக் கொடுத்துவிட்டு முந்தையதை வாங்கி வருகிறேன். ஓரங்களில் அவளுடைய பென்சில் எழுத்து இருக்கும். ஒவ்வொரு வரியையும் பலகையில் ஆடிப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் 'சரி' என்று எழுதுகிறாள். நான் எழுதிவிட்டேன் என்பதற்காக எதையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. போன வருடம் மாநிலப் போட்டிக்கு அவள் தேர்வானாள், எனக்குக் கிடைக்கவில்லை. போட்டி முடிந்த அன்று போன் செய்து எத்தனை புள்ளி என்று சொன்னாள். ஏழுக்கு நான்கு. பிறகு அடுத்த நோட்டு எப்போது வரும் என்று கேட்டாள்.