உள்பக்கம் திறந்த கதவு

தேன்மொழி ஒரு நாற்காலியை வாங்குவதற்கு முன் அதோடு சண்டை போட்டுப் பார்ப்பாள். கைப்பிடியைப் பிடித்து உலுக்குவாள். இருக்கைத் துணியில் அயோடினை ஊற்றி ஊறவிட்டு மறுநாள் துடைப்பாள். கறை போகவில்லை என்றால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் வாங்கமாட்டாள். மலேசியாவின் உலு திராமிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு ஓடி, மருத்துவமனைகளுக்கு உள் அலங்கார வேலை செய்யும் நிறுவனத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகும் அவளுடைய வாய்த்துடுக்கு குறையவில்லை. "அழகெல்லாம் அப்புறம்லா, மொதல்ல தாங்கணும்" என்று வாடிக்கையாளர்களையே மடக்குவாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாள்.

பொந்தியானில் மனோகரனும் அவர் மனைவி செல்வராணியும் கடைவீட்டு வரிசையில் டயாலிசிஸ் நிலையம் திறக்க இருந்தார்கள். வேலை தேன்மொழியிடம் வந்தது. வினைல் தரைவிரிப்பின் மூட்டுகளை உருக்கி ஒட்டி, சுவரில் ஒரு சாண் ஏற்றி, அழுக்கு தங்க மூலையே இல்லாமல் செய்தாள். கழிவறைக்குச் சக்கர நாற்காலி மோதினாலும் கீறல் விழாத கனத்த கதவு. அதை வெளிப்பக்கம் திறக்கும்படி வரைந்திருந்தாள். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே யாராவது மயங்கி விழும்போது உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும் அல்லவா? இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

கதவு மாட்டிய அன்று செல்வராணி வந்து திறந்து பார்த்தார். முழுதாகத் திறந்தால் கதவு பக்கத்துச் சுவரில் போய்ச் சாய்ந்தது. அங்கே முருகன் படம்.

"அலமாக்! தேனு, கக்கூஸ் கதவு சாமி மூஞ்சில போய் மோதுதேமா!"

"படத்த வேற எடத்துல மாட்டிருவோம்க்கா."

"ஐயர் வந்து பூச போட்டு வச்ச எடம். எடுக்கலாமா, நீயே சொல்லு."

வாய்க்காரி தேன்மொழியும் செவ்வாய்தோறும் முருகனுக்கு விரதம் இருப்பவள். முருகன் முகத்தைக் கழிவறைக் கதவு மறைப்பதைப் பார்க்க அவளுக்கே மனம் கூசியது. கீலைக் கதவின் மறுபக்கம் மாட்டலாம் என்றால் கை கழுவும் தொட்டி இடித்தது. கடைசியில் உள்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டச் சொன்னாள். வெளியிலிருந்தே தாழை நீக்கலாம், பிறகென்ன என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நிலையம் நன்றாகவே நடந்தது. ஒருநாள் மகேஸ்வரன் என்ற ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சிகிச்சை முடிந்ததும் கழிவறைக்குப் போனார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டுத் தாதி ஓடிவந்து தாழை நீக்கினாள். தாழ் நீங்கியது, கதவு நகரவில்லை. நல்ல கனத்த உடம்பு அவருக்கு. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் விரல் நுழையும் சந்துதான் கிடைத்தது. கடைசியில் தீயணைப்புப் படையான பொம்பா ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். அது லேசில் உடையவில்லை, தேன்மொழி தேடிப் பிடித்து வாங்கிய கதவு. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

இதயம் நின்றுவிட்டது, முன்பே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். செல்வராணி தொலைபேசியில் அழுதார். "அவரு விதி முடிஞ்சிருச்சு தேனு. முருகன் கூப்டுக்கிட்டான்."

தேன்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திருப்பு என்று முருகனா கேட்டான்? ஆனால் திட்ட யாரும் இல்லை. திருப்பியவள் அவள்தான்.

சாவு வீட்டுக்குப் போனாள். நிலையத்தின் உள்வேலையைச் செய்தவள் இவள்தான் என்று யாரோ சொல்ல, மகேஸ்வரனின் மனைவி செல்லம் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"தங்கச்சி, ஒன் கதவ ஒடச்சிட்டாங்களேமா. எவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சிருப்ப. அவரும் சொல்லுவாரு, எடம் ஆஸ்பத்திரி மாரியே இல்ல, அவ்ளோ சுத்தம்னு. தப்பா நெனச்சிக்காத."

தேன்மொழி தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"அந்தக் கதவு வெளிய தொறக்கணும்க்கா" என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உள்பக்கம் போட்டேன். வெளிய தொறந்திருந்தா அவர ஒடனே தூக்கியிருப்பாங்க."

செல்லம் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்ததும், பற்றியிருந்த கையை விட்டார்.