குறுக்கே போன சன்னம்

சுடப் பழகுகிறவர்கள் குறி பார்ப்பதற்காக நட்டு வைக்கும் காகித அட்டை ஒன்று என் கையில் இருக்கிறது. கறுப்பு வட்டங்கள் போட்ட சாதாரண அட்டை. அதன் ஓரத்தில் ஓர் ஓட்டை. சன்னம், அதாவது துவக்குக் குண்டு, போனால் வட்டமாகத்தானே ஓட்டை விழும்? இது சுண்டுவிரல் கணு நீளத்துக்கு, யாரோ சின்னக் கத்தியால் கீறிவிட்டதுபோல நீண்டு கிடக்கிறது. என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிட்டவர், போன மாரியில் காலமானார். அவருடைய படத்தை மாட்டுவதற்காக, முன்பே இறந்துபோன என் சின்னண்ணாவின் பழைய படத்தைக் கழற்றியபோது, அதன் முதுகுப் பக்கத்திலிருந்து இது விழுந்தது. இதை எறிந்துவிட்டார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அத்தான் மட்டக்களப்பில் வேளாண்மை செய்தவர். மொன்றியலுக்கு வந்து நெடுங்காலம் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். ஊரில் சமாதானம் முறிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நகரின் மேற்கோரத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயற்றங்காயும் பூசணியும் போட்டார். கோடை என்று மூன்றே மாதம் தருகிற நாட்டில் அந்தத் தோட்டம்தான் அவருக்கு உயிர். அதில் வந்து சேர்ந்தது மார்மொட். வளை தோண்டி வாழும் கொழுத்த பிராணி, நல்ல பூனையளவு இருக்கும். இளங்கொடியை அடியோடு தறித்துத் தின்றுவிட்டு, பின்னங்காலில் எழும்பி நின்று மனிசரை ஏளனமாகப் பார்க்கும். வேலி போட்டார். அடியால் தோண்டிக்கொண்டு வந்தது. பொறி வைத்தார். அதைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் துவக்கு வாங்குவதென்று முடிவெடுத்தார்.

இங்கே துவக்குக்கு அனுமதி கேட்டால், பொலிஸார் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து உங்களுக்கு இதில் பயம் ஏதும் உண்டா என்று விசாரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் அக்காவைப் போன்ற ஆட்களை அவர்கள் அறியமாட்டார்கள். பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்கா கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டாள். இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குள் வளர்ந்தவளுக்கு, சீருடுப்புப் போட்டவன் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: ஒரு பிரச்சினையும் இல்லை, சேர். அதையே ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நன்றியும் சொன்னாள். தொலைபேசியை வைத்த பிறகு போய் வாசல் கதவின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பயம் என்ற உண்மையை ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். "பொலிஸ் கேட்டா வேற என்ன சொல்றது, புள்ள?" என்றாள். அத்தானோ, மனுசி சம்மதித்துவிட்டாள் என்று மகிழ்ந்துபோனார்.

வேட்டைச் சாமான் கடையில் ஒரு துவக்கு விலைபோகாமல் கிடந்தது. மார்மொட் போன்ற சில்லறைப் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்றே செய்த, குழல் தடித்த துவக்கு. அரைவாசி விலை என்றார்கள். ஏன் இவ்வளவு மலிவு என்று அத்தான் என்னைக் கேட்கச் சொன்னார். விற்பனையாளன் குழலில் பொறித்திருந்த 1-12 என்பதைக் காட்டி, இப்போது எல்லோரும் இதைவிட வேகமான சுற்றைத்தான் கேட்கிறார்கள் என்று பிரெஞ்சில் சொன்னான். நான் அதைத் தமிழில் சொன்னேன். எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. மலிவு மட்டும் இருவருக்கும் நன்றாக விளங்கியது. சன்னத்தையும் பாரமானதாகப் பார்த்து எடுத்தார். பூசணிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிற மனிசர், வேறு எதை எடுப்பார்?

துவக்கு, எங்கள் பார்க்-எக்ஸ்டென்ஷன் வீட்டின் பேஸ்மெண்டில், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. உடுப்புத் தோய்க்கிற மெஷினும் அங்கேதான். அன்றிலிருந்து அக்கா கீழே இறங்கவில்லை. உடுப்பை மூட்டையாகக் கட்டி, சறுக்குகிற பனியில் இரண்டு தெரு தள்ளியிருந்த லோண்ட்ரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெஷின் பழுதா என்று அத்தான் கேட்டார். ஓம் என்றாள். அவர் அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே ஓடுது என்று தலையைச் சொறிந்தார். எனக்கு இருவர் மீதும் எரிச்சல் வந்தது.

பனி கரைந்ததும், மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு, நகருக்கு வெளியே இருந்த சுடும் திடலுக்குப் போனார். சுட்ட வெடியில் பாதி அட்டையிலேயே படவில்லை. பட்டவை இப்படி நீளநீளமாகக் கிழித்திருந்தன. பக்கத்து மேசை முதியவர் வந்து பார்த்து, சன்னப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். குழலுக்குள் திருகாணிபோல வரிகள் இருக்கின்றன, சன்னம் அதைப் பிடித்துச் சுழன்றுகொண்டுதான் வெளியே போகும் என்றார். இந்தக் குழலில் பன்னிரண்டு அங்குலம் போக ஒரு சுற்று. கட்டைச் சன்னத்துக்கு அது தாராளம். நீளமான, பாரமான சன்னத்துக்கு அந்தச் சுழற்சி போதாது. ஓய்கிற பம்பரம்போலத் தலையாட்டி, குறுக்கே விழுந்து போகும். துவக்கில் குற்றமில்லை, அதற்குக் கொடுத்த தீனிதான் பிழை என்று முடித்தார். அத்தானுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அந்தச் சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்து, அட்டையைக் குசினிச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அக்காவுக்குக் குழலையும் சுற்றையும் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. அட்டையைக் கிட்ட இழுத்தாள். அந்த நீண்ட ஓட்டையில் விரலை வைத்தாள்.

"தம்பிக்கும் இப்பிடித்தான் இருந்தது," என்றாள்.

சின்னண்ணா, எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு வெள்ளாமை வெட்டக் கூலிக்குப் போன இடத்தில் இறந்தான். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. உடம்பைக் கழுவியது அக்கா. விலாவில் ஒரே காயம், அதுவும் வட்டமாக இல்லை. கத்தி என்றது ஊர். தூரத்து வெடியென்றால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். கத்தியென்றால் ஒருத்தன் கிட்ட வந்திருக்க வேண்டும். சின்னண்ணா அவன் முகத்தைப் பார்த்திருப்பான், கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். அந்த நினைப்புத்தான் அக்காவை அத்தனை வருடமும் தின்றது.

"அப்ப அவன் ஒருத்தரையும் கண்டிருக்க மாட்டானா?" என்று அத்தானிடம் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனோம். யுத்தத் துவக்கிலும் இப்படி நடக்குமா என்று முதியவரிடம் கேட்கச் சொன்னார். முதியவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவற்றின் சுற்றும் சன்னமும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை, சாதாரணமாக நடக்காது என்றார். வழியில் கிளையிலோ வேலியிலோ பட்டுத் திசைமாறினால் குறுக்கே போகலாம் என்றார். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வான் வண்டியில் திரும்பி வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த இடம் வெட்டை, புள்ள. நான் அங்க ஒரு போகம் செய்தனான். ஒரு மரமில்ல, ஒரு கம்பில்ல."

வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போனார்.

"வெடிதான். அங்க ஒரு பனைமட்டை வேலி இருந்தது. அதில பட்டுத்தான் குறுக்கால வந்திருக்கு. அவன் ஒருத்தரையும் காணேல்ல."

முதியவர் சொன்னதை மொழிபெயர்த்த நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா மேசையில் தலையை வைத்து அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. அத்தான் பக்கத்தில் நின்று அவளுடைய முதுகைத் தடவினார். எனக்கு அவர்மீது பொல்லாத கோபம். செத்தவனின் விசயத்தில் பொய் சொல்ல இவர் யார் என்று பல கிழமை முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் யாரும் கேட்காமலே துவக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். அக்கா மறுபடி பேஸ்மெண்டுக்கு இறங்கினாள். அந்தக் கோடையில் பயற்றங்கொடி பாதி மார்மொட்டுக்குப் போனது. எப்போதாவது அக்கா திரும்பக் கேட்பாள். பனைமட்டை வேலி என்று அதே பதிலை அதே குரலில் சொல்வார்.

இன்றைக்கு அந்த அட்டையோடு நான் நின்றுகொண்டிருக்க, அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். இப்போதாவது சொல்லவா, இதையும் அவளிடமிருந்து பிடுங்கவா என்று நான் தடுமாறினேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு, அட்டையை என் கையிலிருந்து வாங்கி, சின்னண்ணாவின் படத்துக்குப் பின்னால் பழையபடி செருகினாள்.

"அங்க வேலி இல்லை எண்டு எனக்குத் தெரியும், புள்ள," என்றாள். "அவன் போன மறுகிழமையே, ஒருத்தருக்கும் சொல்லாம நான் போய்ப் பாத்தனான்."

பிறகு ஏன் அத்தானிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அத்தானின் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எனக்கெண்டு அவர் போட்ட வேலி. நான் எப்பிடிப் பிடுங்கிறது?"