விமான நிலையம் வழியாக மனுகாவ்

இனிக் கார் ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னபோது, அந்த முடிவை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் முதலில் கேட்டேன். பழக்கதோஷம். கொழும்பில் ஒரு திணைக்களத்திலும் பிறகு ஆக்லாந்தில் ஓர் அலுவலகத்திலுமாக, எந்தக் காகிதம் எந்த மேசைக்கு எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியே உழைப்புக் காலத்தைக் கழித்தவன் நான். மருத்துவர் பொறுமைசாலி. "உங்கள் விழித்திரையிடம்தான் செய்ய வேண்டும்" என்றார்.

இடது கண்ணின் நடுப்பகுதி ஏற்கெனவே புகை படிந்த கண்ணாடி போலாகிவிட்டது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதம் ஒருமுறை ஊசி போட வேண்டும். கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. தவணை தவறி, அதனால் பார்வை போனால், அது திரும்பி வராது. ஊசி போடுவது மனுகாவில். நாங்கள் இருப்பது பிளாக்ஹவுஸ் பேயில். நடுவில் மோட்டர்வே என்னும் அதிவேக வீதி.

என் மனைவியிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. காலாவதியாக விடாமல் நான்தான் புதுப்பித்து வந்தேன். ஆனால் அவள் ஓட்டிய எல்லை எங்கள் கடைத்தெரு, கோயில், மிஞ்சினால் ஹென்டர்சன். அதுவும் உள்வீதிகளால், சிக்னல் சிக்னலாக நின்று. மோட்டர்வேயில் அவள் எப்போதும் என் இடப்பக்கம் அமர்ந்து, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தவள். இப்போது இருவரும் இடம் மாற வேண்டியிருந்தது. எனக்கு மிஞ்சியிருந்த கண் அவளுடைய வலது காலை நம்பி இருந்தது.

வெலிங்டனில் இருக்கும் எங்கள் மகள், தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள். வழிகாட்டும் செயலி இருக்கிறது, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றாள். எந்தச் செயலி என்று கேட்டேன். ஏதாவது ஒன்று என்றாள். எந்த அலுவலகத்திலும் எனக்குப் பிடிக்காத விடை அதுதான். ஆகவே இரண்டை இறக்கினேன். ஒன்று என் கைபேசியில், மற்றது அவளுடையதில். ஒரு வாரம் சோபாவில் இருந்தபடியே, உருப்பெருக்கியைத் திரையில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டேன்.

முதலாவது செயலி மிடுக்கானது. ஒரு நிமிடம் மிச்சப்படும் என்றால் யாருடைய வீட்டுப் பின்வேலி வழியாகவும் அனுப்பிவிடும். இரண்டாவது ஊர்வம்பு பேசுவது. முன்னால் ஒரு கார் பழுதாகி நிற்கிறது, பொலிஸ் மறைந்து நிற்கிறது, வீதியில் பள்ளம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். முதலாவதை ஆங்கிலத்தில் விட்டேன். இரண்டாவதைத் தமிழுக்கு மாற்றினேன். மாவோரி ஊர்ப் பெயர்களைக் கொலை செய்வதில் இரண்டு குரல்களும் சரிசமம்.

இவற்றுக்கு மேலே கைபேசியின் குரல் உதவியாளர் ஒருத்தி. பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்வாள். நான் அவளிடம் முழு வாக்கியத்தில், பணிவாக, காரணமும் சேர்த்து ஆங்கிலத்தில் கேட்டேன். கண் நோய்கள் பற்றிய கட்டுரைகளைத் தேடிக் கொடுத்தாள். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி குனிந்து, "மனுகாவ்" என்று ஒரு சொல் சொன்னாள். பாதை திரையில் விரிந்தது.

"நீங்கள் விண்ணப்பம் போடுறியள். அதுக்கு ஓடர் எல்லோ போடவேணும்" என்றாள்.

முதல் ஊசிக்குப் புறப்பட்ட காலை. கார் வீட்டு வாசலில் நின்றது. பெல்ட் மாட்டி, கண்ணாடிகளைச் சரிபார்த்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, அவள் சாவியைத் திருகினாள். கார் உயிர்பெற்றதும் கைபேசியும் உயிர்பெற்று, உதவியாளரின் இனிமையான குரல் கேட்டது: எங்கே போகிறீர்கள்?

அவள் கார் எஞ்சினை நிறுத்தினாள்.

"இறங்குங்கோ."

"என்னத்துக்கு?"

"வெளிக்கிடேக்க எங்க போறியள் எண்டு கேட்டிட்டுது. போற காரியம் உருப்படுமே? அதுவும் கண்ணுக்குப் போகேக்க."

"இஞ்சரும், அது மெசின். கேக்கத்தான் அதைச் செய்து வச்சிருக்கு."

"மெசினுக்குச் சொல்லிக் குடுக்க ஆக்கள் இல்லை. உங்களுக்குமோ?"

இறங்கினோம். உள்ளே போய் நாற்காலியில் இருந்தோம். ஆளுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்தோம். எழுந்து, புதிதாகப் புறப்படுவது போல் மீண்டும் புறப்பட்டோம். நான் நம்புகிறவன் அல்லன். ஆனால் ஒரு நடைமுறை என்று வந்துவிட்டால் அதை அரைகுறையாகச் செய்ய என்னால் முடியாது. இரண்டாம் மிடறும் குடித்துவிட்டே எழுந்தேன்.

அன்றே விதி வகுத்தேன். போகுமிடத்தைச் சமையலறையில் வைத்து, சப்பாத்துப் போடுவதற்கு முன்பே, இரண்டு கைபேசிகளிலும் பதிந்துவிட வேண்டும். உதவியாளரின் வாயைக் காருக்குள் கட்டிவிட வேண்டும். வாயைக் கட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனேன். தமிழ்நாட்டுக்காரி, மனுகாவில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிப்பவள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஐயோ அங்கிள், எங்க வீட்லயும் கேக்கக் கூடாது. எங்க அம்மா செருப்பை எடுத்துருவாங்க" என்றபடி ஒரு பொத்தானை அணைத்தாள். பிறகு, "ஆனா ரெண்டு ஆப்பையும் ஒரே நேரத்துல ஓட விடாதீங்க அங்கிள். ஒண்ணு போதும்" என்றாள்.

ஒரே கருத்தை வைத்துக் கோப்பை மூடுகிறவர்களோடு நான் காலம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறேன். இரண்டையும் ஓட விட்டேன்.

அடுத்த சிக்கல், என் மனைவிக்கு எந்தக் குரலும் பிடிக்கவில்லை. ஆங்கிலக் குரல் அவளை வெருட்டுகிறதாம். தமிழ்க் குரல், "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று வானொலிச் செய்தி வாசிக்கிறதாம். "நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோவன். உங்கட குரல் எண்டால் கை தன்பாட்டில திரும்பும்" என்றாள். ஆகவே இரண்டு கைபேசிகளையும் மடியில் வைத்து, ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு குரலை மாட்டிக்கொண்டு, வருவதை வீட்டுத் தமிழுக்கு மாற்றிச் சொன்னேன். "அந்தப் பெற்றோல் செட் தாண்டி இடப்பக்கம் பிடியும்." "இப்ப அவசரமில்லை, பின்னால வாறவன் போகட்டும்." ஓட்டுநர் கைபேசியைத் தொடக் கூடாது என்பது சட்டம், பக்கத்தில் இருப்பவன் தொடலாம். ஓய்வுபெற்ற பிறகு எனக்குச் சட்டபூர்வமாகக் கிடைத்த முதல் பதவி அது.

மோட்டர்வேயில் ஏறும் இடத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்து லேனோடு கலந்த பிறகுதான் விடுவாள். அதுவரை நானும் விடுவதில்லை.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, மாங்கேரிப் பாலம் கடந்து, விமான நிலையத்துக்குப் பாதை பிரியும் இடம் நெருங்கியது. வலக் காதில் ஆங்கிலக்காரி லேன் மாறச் சொன்னாள். அதே நொடியில் இடக் காதில் தமிழ்க்காரி, முன்னால் வாகன நெரிசல், வேறு வழி இருக்கிறது என்றாள். எது சரி என்று நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, சொல்லுங்கோ!"

"பொறும், ரெண்டும் ரெண்டு விதமாச் சொல்லுது."

"பாதை பொறுக்குமே?"

பாதை பொறுக்கவில்லை. பயணிகளை இறக்கும் வரிசையில் போய் நின்றோம். முன்னால் ஒரு குடும்பம் யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. இரண்டு காதுகளிலும் இரண்டு பெண்களும் திரும்பச் சொல்லிக் கத்தினார்கள். ஊசித் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வியர்த்துப்போனேன். என் மனைவி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அமைதியாகச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய இடம் அல்லவா. இங்கே அவளுக்குப் பயம் விட்டுப்போய்ப் பல காலம்.

"வந்ததுதான் வந்தம். ஆரையும் கூட்டிக்கொண்டு போவமே?" என்றாள்.

சிரிப்பு வந்து, காதுகளில் இருந்தவற்றைக் கழற்றிவிட்டேன். அவள் வழிகாட்டிப் பலகைகளைத் தானே வாசித்தாள். மோட்டர்வே அல்லாத சாதாரண வீதியொன்று, வயல்வெளிப் பக்கமாக, மனுகாவை நோக்கி நேராகப் போனது. "இது நல்ல ரோட்டு" என்று ஒருமுறை மட்டும் சொன்னாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த மாதம் முதல் ஒரே செயலி, ஒரே காது என்றானது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதை நான் சொல்லவில்லை.

போன மாதம் ஊசி நாளன்று விடியும்போது எங்கள் சுடுதண்ணீர்த் தாங்கி உடைந்து கூடமெல்லாம் தண்ணீர். குழாய் திருத்துபவர் வரும்வரை யாராவது வீட்டில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போகும் வழியில் என்னை இறக்கிவிடுவதாகச் சொன்னாள். திரும்பக் கூட்டிவர அவளால் முடியாது.

"நான் வாறன்" என்றாள் என் மனைவி.

"தனியவோ?"

"வேற ஆர் இருக்கினம்? தவணையை மாத்திறன் எண்டு மட்டும் நிக்காதேங்கோ."

காரில் ஏறியதும் பக்கத்து வீட்டுப் பெண், இரண்டு கைபேசிகளிலும் ஏதோ செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். என் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியாக எனக்குத் தெரியுமாம்.

ஊசி போட்டார்கள். அதன் பிறகு சில மணி நேரம் அந்தக் கண்ணில் உலகம் தண்ணீருக்குள் கிடக்கும். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டி, காத்திருக்கும் இடத்தில் இருத்திவிட்டார்கள். ஒரு செய்தி வந்த ஒலி மட்டும் கேட்டது, வெளிக்கிட்டுவிட்டாள் என்பதாகத்தான் இருக்கும். அழைக்கலாம். ஆனால் ஓட்டிக்கொண்டிருப்பவளை அழைப்பது எப்படி? பதற்றத்தில் கைபேசியைத் தொட்டுவிட்டால்? சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவள் இப்போது மோட்டர்வேயில் ஏறும் இடத்தில் இருப்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்த மூச்சை விடச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு, கைபேசியை வாயருகே கொண்டுபோய், அந்த உதவியாளரை எழுப்பினேன். "என் மனைவி எங்கே?" என்று கேட்டேன். இம்முறை காரணம் சேர்க்கவில்லை. தொடர்புப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை என்றாள். உண்மைதான். மனைவி என்று நான் எங்கேயும் பதிந்து வைக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த சமோவாப் பெண் இதைக் கேட்டிருக்க வேண்டும். வயதான ஆண்களையெல்லாம் அவள் தன் மொழியில் அப்பா என்ற பொருளில் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "கொடுங்கள் பாப்பா, நான் பார்க்கிறேன்" என்று கைபேசியை வாங்கினாள்.

"பாப்பா, உங்கள் மனைவி இன்று எங்கேயாவது பறந்து போகிறாரா?"

"ஏன்?"

"புள்ளி விமான நிலையத்தில் நிற்கிறது."

பாதை பிரியும் அந்த இடத்தில் வழி தவறிவிட்டாள். இறக்கும் வரிசையில் நிற்பாள். முன்னால் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். செயலி திரும்பு திரும்பு என்று கத்தும். அதை மொழிபெயர்க்க ஆள் இல்லை. கண்ணைப் பற்றிய கவலை எங்கே போனது என்று தெரியவில்லை. பார்வை போனால் போகட்டும், அவள் ஓர் ஓரமாக நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன்.

"நகர்கிறது" என்றாள் அந்தப் பெண். பிறகு, "நிற்கவேயில்லை பாப்பா, சும்மா சுற்றிக்கொண்டு வருகிறது. இதோ இந்தப் பக்கம்தான் வருகிறார்."

சற்று நேரத்தில், வாசலில் கலங்கலான ஓர் உருவம் தெரிந்தது. நடையைப் பார்த்தாலே போதும், முகம் தேவையில்லை.

"ஆரையும் கூட்டிக்கொண்டு போவமெண்டு வந்தன்" என்றாள்.

"எயார்போட்டுக்கு ஏன் போனீர்? பிரிவில பிழை விட்டிட்டீரோ?"

"பிழையோ? எனக்குத் தெரிஞ்ச வழி அதுதானே. அங்க போனால் அந்த நல்ல ரோட்டு வரும். மற்றதில நீங்கள் பக்கத்தில இல்லாமல் எனக்குத் தெரியாது."

"செயலி என்ன சொன்னது?"

"அது தன்பாட்டில கதைச்சுக்கொண்டு வந்தது, பாவம். நான் நிப்பாட்டேல்ல. துணைக்கு ஒரு குரல் இருக்கட்டும் எண்டு."

நாங்கள் வழிதவறிய வழியை அவள் ஒரு பாதையாக மனத்தில் வைத்திருந்தாள். அது சுற்று என்றும், அதற்குச் சில நிமிடங்கள் கூடும் என்றும் இரண்டு செயலிகளும் ஒரே குரலில் சொல்லியிருக்கும். ஒப்பீட்டில் நானும் அதையே எழுதியிருப்பேன்.

கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள். பெல்ட்டை அவளே மாட்டிவிட்டாள். சாவியைத் திருகினாள். எந்த வழியால் போகப் போகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். புறப்படும் நேரம். வாயை மூடிக்கொண்டேன்.

இருக்கையைச் சாய்த்து, இரண்டு கண்களையும் மூடிக் கிடந்தேன். கார் நிதானமாகப் போனது. எங்கோ ஒரு திருப்பத்தில் செயலி ஏதோ மறுப்புச் சொன்னது. "சரி பிள்ளை, சரி" என்று அவள் அதைச் சமாதானப்படுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் தலைக்கு மேலே மிகத் தாழ்வாக ஒரு விமானம் இறங்கும் இரைச்சல் கேட்டது. சரியான பாதையில்தான் போகிறோம் என்று தெரிந்துகொண்டேன்.